உறைபனிக்குப் பின் தொட்டிச் செண்பகம்

உறைபனியில் சிக்கிய தொட்டிச் செண்பகம் பிழைக்குமா என்பதைத் தொட்டியின் உட்சுவரை ஒட்டி மண்ணுக்குள் மறைந்திருக்கும் இளவேர்களே தீர்மானிக்கின்றன. கருகிய இலைகளும் சுருங்கிய கொழுந்துகளும் கண்ணில் முதலில் படுவதால் பெறும் கவனம் அவற்றின் தகுதிக்கு மிஞ்சியது. தோட்டக்கலைக் கையேடுகள் பலவும் நிலத்தில் ஊன்றிய மரத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை ஆதலால், வசந்தம் வரை பொறுத்திருந்து பட்ட கிளைகளைக் கவாத்து செய்யுமாறு சொல்வதோடு நின்றுவிடுகின்றன. கிளைகளைப் பொறுத்தவரை அந்த அறிவுரை சரியானதே. ஆனால் அதே பொறுமையைத் தொட்டிக்குள்ளும் நீட்டிப்பவர், குளிரில் பாதி இறந்த வேர்கள் ஈரமண்ணில் கிடந்து முழுவதும் அழுகுவதற்கு வேண்டிய அவகாசத்தைத் தாமே தந்துவிடுகிறார்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலக் கடலோரத்தை இதற்கான களமாகக் கொள்ளலாம். ஹூஸ்டனும் அதன் புறநகர்களும் ஆண்டின் பெரும்பகுதியில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தவை. அங்குள்ள தமிழ் வீடுகளின் கொல்லைப்புறங்களில் கறிவேப்பிலையும் முருங்கையும் மல்லிகையும் தழைப்பதுபோலவே செண்பகமும் தழைக்கிறது. எனினும் வடதுருவப் பகுதியின் கடுங்குளிர்க் காற்று, குறுக்கே மலைத்தடை ஏதுமற்ற நடுச்சமவெளி வழியாக மெக்சிகோ வளைகுடா வரை இறங்கிவரும் ஆண்டுகளும் உண்டு. 2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டன் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே சென்றது. அதே வாரத்தில் மாநிலம் முழுவதும் பல லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தமையால், விளக்கும் சூடேற்றியும் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் கார் கொட்டகைக்குள் நகர்த்தப்பட்ட தொட்டிகளும் இருளிலும் குளிரிலும் நாள்கணக்கில் கிடந்தன. 2022 டிசம்பர் இறுதியில் மீண்டும் அதற்கு ஏறத்தாழ இணையான குளிர் வந்தது. திறந்த வெளியில் அகப்பட்ட செண்பகத் தொட்டிகளைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கொட்டகையிலோ, வீட்டுச் சுவரோரத்திலோ, சில மணி நேரம் மைனஸ் ஒன்று அல்லது இரண்டு டிகிரியைக் கண்டு அரையுயிராக மீண்டவையே ஆராயத் தக்கவை.

செண்பகம் மக்னோலியா குடும்பத்து மரம். 1753இல் லின்னேயஸ் இதற்கு மிக்கேலியா சம்பகா எனப் பெயர் சூட்டினார். பேரினப் பெயர் ஃபிளாரன்ஸ் நகரத் தாவரவியலாளர் பியர் அந்தோனியோ மிக்கேலியின் நினைவாக வழங்குவது. பூக்கள் கிளை நுனியில் தோன்றாமல் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பும் தண்டும் சேரும் கோணத்தில், தோன்றுவதால் மிக்கேலியா நெடுங்காலம் தனிப் பேரினமாக வைக்கப்பட்டிருந்தது. இன்று அது மக்னோலியாவுக்குள் அடக்கப்பட்டு மக்னோலியா சம்பகா ஆகிவிட்டாலும், நாற்றுப் பண்ணைச் சீட்டுகளில் பழைய பெயரும் புதிய பெயரும் மாறி மாறித் தென்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் 30 மீட்டருக்கு மேல் ஓங்கக்கூடிய இம்மரத்துக்கு மலைக்காற்றின் குளுமை பழக்கமானது. குற்றாலத்தில் செண்பகாதேவி என்ற பெயரோடு விழும் அருவியும் அத்தகைய ஈரமலைச் சரிவில்தான் இருக்கிறது. குளுமை பழக்கமே தவிர உறைபனி பழக்கமில்லை. அந்தப் பழக்கம் உள்ள உறவுமரம் ஒன்று தமிழகத்திலேயே உண்டு: நீலகிரியில் உறைபனி விழும் புல்வெளிகளுக்கு அண்டையிலுள்ள சோலைக்காடுகளில் வெண்ணிறப் பூப் பூக்கும் காட்டுச்செண்பகம். ஆயினும் தோட்டக்காரர்கள் விரும்புவது பொன்செண்பகத்தையும், அதற்கும் வேறொரு மிக்கேலியா இனத்துக்கும் பிறந்த கலப்பான வெண்செண்பகத்தையுமே. வெண்செண்பகம் பெரும்பாலும் வளமான விதை தராது என்பதால், பதியன் வழியாகவோ, பொன்செண்பக நாற்றின் மேல் ஒட்டுக்கட்டியோதான் பெருக்கப்படுகிறது. இந்த ஒட்டு பின்னர் பெரிய சிக்கலாக மாறக்கூடியது.

குளிர் தாவரத்துக்கு இழைக்கும் தீங்கு இரு வகைப்படும். உறைநிலைக்கு மேலேயே, ஏறத்தாழ 0 முதல் 12 டிகிரிக்குள், வெப்பமண்டலத் தாவரங்களில் தோன்றும் கேடு குளிர்ச்சித் தாக்கம் எனப்படும். செல்லைச் சூழ்ந்திருக்கும் செல்சவ்வு கொழுப்புப் பொருள்களால் ஆனது. இளகிய நிலையில் இருக்கவேண்டிய அக்கொழுப்பு குளிரில் இறுகும்போது சவ்வின் வாயில்கள் சரிவர இயங்காமல் போக, செல்லுக்குள் இருக்கவேண்டியவை வெளியே கசிகின்றன. அதே வேளையில் குளிர்ந்த வேர் நீரை உறிஞ்சும் திறனையும் இழப்பதால், மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடித் தொங்குகிறது. அதைத் தாகமென்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவது மிகப் பரவலான தவறு.

உறைநிலைக்குக் கீழே நிகழ்வது வேறு. செல்களுக்கு இடைப்பட்ட வெளியிலுள்ள நீரில் உப்பும் சர்க்கரையும் குறைவு ஆதலால் பனிக்கட்டி முதலில் அங்கேதான் உருவாகிறது. உருவான பனிக்கட்டி செல்லுக்குள்ளிருக்கும் நீரையும் தன்பால் இழுத்துக்கொள்ள, செல் நீரிழந்து சுருங்குகிறது. பனி உருகும்போது நீர் விரைந்து திரும்ப, சுருங்கிய சவ்வு விரிவைத் தாங்காமல் கிழிகிறது. குளிர்நாட்டு மரங்கள் பகல் குறுகுவதையும் இரவு குளிர்வதையும் முன்னறிவிப்பாகக் கொண்டு, சர்க்கரையைச் சேர்த்தும் சவ்வின் கொழுப்பை மாற்றியும் வாரக்கணக்கில் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்கின்றன. செண்பகத்துக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. உருகிய சில மணி நேரத்தில் இலையில் எண்ணெய் தோய்ந்தாற்போன்ற கரும்பச்சைத் திட்டுகள் தென்படுவது இந்தக் கிழிசலின் அடையாளமே. அத்திட்டுகள் இரண்டு மூன்று நாள்களில் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறுகின்றன.

இனித் தொட்டி. நிலத்தில் நின்ற மரத்தின் வேர்களைச் சுற்றிலும் பெரும் மண்திரள் இருப்பதால், காற்று மைனஸ் ஐந்துக்கு இறங்கிய இரவிலும் ஒரு சாண் ஆழத்து மண் உறைநிலைக்கு மேலேயே இருக்கும். தொட்டியிலோ வேருக்கும் குளிர்காற்றுக்கும் இடையே இருப்பது விரற்கடை அளவுகூட இல்லாத நெகிழிச் சுவர் ஒன்றுதான். சிறிய தொட்டியாயின் சில மணி நேரத்துக்குள் மண்ணின் வெப்பம் காற்றின் வெப்பத்தை எட்டிவிடுகிறது. பொதுவாக எந்த மரத்திலும் வேர் தண்டைவிடக் குளிர் தாங்காதது, அவ்வேர்களிலும் இளவேர் முதிர்வேரைவிடக் குளிர் தாங்காதது. தொட்டியில் வளரும் செடியின் இளவேர்கள் சுவரைத் தொட்டவுடன் வளைந்து அதன் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வளர்கின்றன என்பதால், நீரையும் சத்தையும் உறிஞ்சும் மிக நுண்ணிய வேர்கள், மிக விரைவாக உறையும் இடத்திலேயே குவிந்திருக்கின்றன. நடுவிலுள்ள பழைய கட்டைவேர்கள் தப்பி, ஓரத்திலுள்ள உணவூட்டும் வேர்கள் அத்தனையும் மடிந்துபோன தொட்டியில், மேலே கிளைகள் சில வாரம் பசுமை மாறாமல் நிற்பதில் வியப்பில்லை. மேலே நிற்கும் பசுமை பழைய இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

ஆகவே வெப்பம் மீண்டபின் செய்யத்தக்க முதல் வேலை, தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து மண்கட்டியை உடையாமல் உருவிப் பார்ப்பது. செண்பக வேர்கள் சதைப்பற்றும் முறியும் தன்மையும் உடையவை. அவற்றை உதறுவதும் கழுவுவதும் கூடாது, வெளிப்பக்கத்தைக் கண்ணால் பார்த்து விரலால் தொட்டறிந்தால் போதும். உயிருள்ள வேர் வெளிறிய மஞ்சளாகவும் விறைப்பாகவும் இருக்கும். இறந்த வேர் பழுப்பேறிக் குழகுழத்து, மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடுவிலுள்ள நார் மட்டும் கையில் நிற்கும். புளித்த வாடை அடித்தால் மண்ணில் காற்றோட்டம் அற்றுப்போய் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். இறந்த வேர்களைக் கூரிய கத்தரியால் நீக்கியபின், எஞ்சிய வேர்த்திரள் எந்த அளவுடையதோ அந்த அளவுக்கேற்ற சிறிய தொட்டிக்கு மாற்றுவதே நல்லது. பழைய பெரிய தொட்டியிலேயே புதுமண் நிரப்பி வைத்தால், உறிஞ்ச ஆளில்லாத ஈரம் வாரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். மரப்பட்டைத் துண்டு, பெர்லைட், சிறிதளவு தென்னைநார்க் கழிவு ஆகியவை கலந்த, நீர் நிற்காது ஓடும் மண்கலவை பொருந்தும். வேர் பெரும்பாலும் உயிரோடு இருந்தால் எதையும் மாற்றாமல் அப்படியே திரும்ப வைத்துவிடுவதே அறிவு.

நீரைப் பற்றிய கணக்கு இந்த நிலையில் முற்றிலும் மாறிவிடுகிறது. இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறுவதை நீராவிப்போக்கு என்பர். நலமான செண்பகம் கோடையில் நாள்தோறும் நீர் கேட்பது இதனால்தான். இலையற்ற மரத்தில் நீராவிப்போக்கு ஏறத்தாழ நின்றுவிடுவதால், வழக்கமான அளவு நீர் அப்போது தேவையை மிஞ்சிய வெள்ளமாகிறது. குளிர்ந்த, காற்றற்ற, ஈரமான மண்ணில் பித்தியம், பைட்டோப்தோரா முதலிய வேரழுகல் நுண்ணுயிரிகள் பெருகி, குளிருக்குத் தப்பிய வேரையும் தின்றுவிடுகின்றன. தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடை தெளிவாகக் குறைந்தபின் மட்டுமே நீர் விடுவது, விரலை மண்ணில் நுழைத்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி. நீரைக் குறைப்பதோடு வேருக்கு வெப்பமும் தேவை. கான்கிரீட் தரை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஆதலால் தொட்டியை மரப்பலகை மீது உயர்த்தி வைத்து, இயலுமானால் நாற்றுகளுக்குப் பயன்படும் வெப்ப விரிப்பைக் கீழே இட்டு, வேர்ப்பகுதியை 20 முதல் 25 டிகிரிக்குள் நிறுத்தினால் புதுவேர் பிடிக்கும் வேகம் கூடுகிறது. தண்டு காய்ந்துபோகாதிருக்க ஒளிபுகும் நெகிழித்தாளால் தளர்வாக மூடலாம். நாள்தோறும் சிறிது நேரம் திறந்துவிடாவிட்டால் பூஞ்சை வரும்.

வேர்களைப் பார்த்தபின் கிளைகளுக்கு வரலாம். கருகிய இலைகள் உதிர்கின்றனவா, ஒட்டிக்கொண்டே இருக்கின்றனவா என்பது எவ்விதக் கருவியும் வேண்டாத சோதனை. இலை தானாக உதிர்வதற்குக் காம்பின் அடியில் உதிரடுக்கு எனப்படும் தனித்த செல்வரிசை செயற்படவேண்டும். அதற்கு எத்திலீன் என்ற வாயு வடிவ வளரூக்கியும், அதைவிட முதன்மையாக உயிருள்ள திசுவும் வேண்டும். ஆகவே இரண்டு மூன்று வாரத்தில் இலைகளைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும் கிளை பெரும்பாலும் உயிருள்ளது. கருகிய இலைகளைச் சருகாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிளையோ, அவற்றை உதிர்க்கவும் வலுவற்று இறந்துவிட்டது. பார்வைக்கு மொட்டைக் கிளையே அச்சம் தருகிறது என்பதால், பலர் நல்ல கிளையை வெட்டிவிட்டு இலையுள்ள கிளையை வைத்துக்கொள்கின்றனர்.

அடுத்தது பட்டையைக் கீறிப் பார்ப்பது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதுச் செல்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு; கேம்பியம் அல்லது வளர்படலம் என்று அதைச் சொல்வர். நகத்தாலோ கத்தி நுனியாலோ ஓர் அரிசி அளவுக்குச் சுரண்டினால், உயிருள்ள இடத்தில் ஈரப்பச்சையும் இறந்த இடத்தில் வறண்ட பழுப்பும் தெரியும். நுனியிலிருந்து கீழ்நோக்கி இந்தச் சோதனையைச் செய்வோர், நடுத்தண்டில் பச்சையைக் கண்டதும் மகிழ்ந்து நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தாமல் மண்மட்டம் வரை இறங்கவேண்டும். மரத்தண்டின் அடிப்பகுதியே குளிருக்குக் கடைசியாகத் தயாராவது. கனத்த குளிர்காற்று தேங்குவதும் தரையை ஒட்டித்தான். தண்டின் அடியில் பட்டை வளையமாக இறந்துபோய், அதற்கு மேலே பச்சையாக இருக்கும் செண்பகத்துக்கு அந்தப் பச்சையால் பயனில்லை. இலைகள் ஆக்கிய உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் வழி பட்டையின் உட்புறத்தில் இருக்கிறது. அந்த வழி சுற்றிலும் அறுபட்டுவிட்டால் வேர் பட்டினியால் சாகும். எனவே அடித்தண்டை ஒரே இடத்தில் சுரண்டாமல் சுற்றிலும் நான்கு புறத்திலும் பார்க்கவேண்டும். ஒரு புறமேனும் பச்சை தொடர்ந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. பட்டையில் நீளவாக்கில் வெடிப்பு தோன்றுவது பல வாரம் கழித்தும் நிகழலாம் ஆதலால், முதல் வாரத்துத் தீர்ப்பை இறுதியாகக் கொள்ளவும் கூடாது.

இந்த எச்சரிக்கை மிகையானதல்ல என்பதைப் பொய்த்துளிர் காட்டுகிறது. மார்ச்சு மாத வெயிலில் கிளையெங்கும் துளிர் அரும்பி, இலைகள் கட்டைவிரல் நீளத்தை எட்டியபின், திடீரென ஒரே வாரத்தில் எல்லாம் துவண்டு கருகுவதுண்டு. தண்டில் சேமித்து வைத்த மாவுச்சத்தையும் நீரையும் கொண்டே மொட்டுகள் விரிகின்றன; குவளையிலிட்ட வெட்டுமலர்க்கொம்பு தளிர்ப்பதைப் போல, கீழே வேர் இருக்கிறதா என்று கேளாமலே அவை விரிந்துவிடும். இலை பெரிதாகி நீராவிப்போக்கு தொடங்கும்போதுதான் வேரின் இன்மை வெளிப்படுகிறது. இத்துளிரைக் கண்ட மகிழ்ச்சியில் உரமிடுவோர் நிலைமையை மேலும் கெடுக்கின்றனர், ஏனெனில் உறிஞ்ச வேரில்லாத மண்ணில் உரம் உப்பாகத் தங்கி, புதிதாகக் கிளம்பும் வேர்நுனிகளைச் சுட்டுவிடுகிறது. முதல் இலைகள் முழு அளவுக்கு விரிந்து, நிறம் முதிர்ந்து, தடித்தபின்தான் உரம். அதுவும் சீட்டில் சொன்னதில் பாதியளவு நீர்த்தது. கடினநீர் பாயும் ஊர்களில் புதிய இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றுவது இரும்புச்சத்துக் குறையைக் காட்டுவது. செண்பகம் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் மரம் ஆதலால், கீலேட் வடிவ இரும்பு கொடுப்பதே அதற்குத் தீர்வு.

கவாத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குழைந்து நாறும் கிளைகளைத் தவிர வேறெதையும் துளிர் வரும் வரை தொடவேண்டியதில்லை. துளிரே உயிருக்கும் சாவுக்கும் எல்லை குறித்துக் கொடுத்துவிடும். முன்கூட்டியே வெட்டினால், நுனிமொட்டின் அடக்குமுறையிலிருந்து விடுபட்ட பக்கமொட்டுகள் விழித்துக்கொண்டு, பின்பனிக்காலத்துக் கடைசிக் குளிருக்கு இரையாகும். இலைநிழல் இழந்த பட்டை நேர்வெயிலில் வெந்துபோகும் என்பதால் மரத்தைப் படிப்படியாகவே வெயிலுக்குப் பழக்கவேண்டும். அடுத்த குளிர்காலத்தைப் பொறுத்தவரை, இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்போதே தொட்டியை உள்ளே எடுத்து, நீரைக் குறைத்து, தொட்டிச் சுவரைச் சுற்றித் தடித்த போர்வையோ நுரைத்தாளோ கட்டிவிடுவது போதுமானது. கிளைகளுக்கு மட்டும் துணி போர்த்தித் தொட்டியைத் திறந்து விடும் வழக்கம் ஏன் இன்னும் நீடிக்கிறது என்பது விளங்கவில்லை.

எஞ்சியிருப்பது ஒட்டுச் சிக்கல். விதையிலிருந்து வளர்ந்த செண்பகம் பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூப்பதால் தொட்டியில் வளர்ப்போர் வாங்குவது பெரும்பாலும் ஒட்டுக்கன்றே. அதில் கீழ்ப்பாதி வேர்ச்செடி, மேற்பாதி ஒட்டுக்கிளை. இரண்டும் சேர்ந்த இடத்தில் தண்டு சற்றே புடைத்தோ கோணலாகவோ இருக்கும். குளிர் மேற்பாதியைக் கொன்று கீழ்ப்பாதியை விட்டுவைத்தால், அடியிலிருந்து வேகமாகக் கிளம்பும் துளிர் வாங்கிய மரத்தினுடையது ஆகாது. வெண்செண்பகம் என்று வளர்த்த தொட்டியில் பொன்செண்பகம் எழுந்து நிற்கும். பூக்கும் வரை காத்திராமல் இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. மக்னோலியா குடும்பத்தில் ஒவ்வொரு இளம் இலையையும் ஒரு செதில் மூடிக் காக்கிறது. இலையடிச் செதில் எனப்படும் அது உதிரும்போது இலைக்காம்பின் மேல் ஒரு தழும்பு எஞ்சுகிறது. அத்தழும்பு பொன்செண்பகத்தில் காம்பின் பாதிக்கு மேலும் நீண்டிருக்கும், வெண்செண்பகத்தில் பாதியை எட்டாது.

விதைநாற்றாகவே வளர்ந்த செண்பகம் அடியிலிருந்து துளிர்த்தால் இனம் மாறும் அச்சமில்லை. ஆனால் மரத்தின் அடிப்பகுதித் திசு இளமைப்பருவத் தன்மையைத் தக்கவைத்திருப்பதால், அத்துளிர் பூக்கும் வயதை மீண்டும் எட்டக் காலம் பிடிக்கும். நடுத்தண்டு வரை தப்பிய ஒட்டுமரமோ அடுத்த பருவத்திலேயே இலைக்கக்கங்களில் மொட்டு வைக்கக்கூடும். அடியில் ஒட்டுக்குக் கீழிருந்து மட்டுமே துளிர்க்கும் மரத்தை எறிந்துவிட்டுப் புதுக்கன்று வாங்குவோர் பலர். அதற்குத் தேவையில்லை. வேர் பிடித்த தொட்டிச்செடி கையிலிருக்கும்போது, வலுவான அடித்துளிர் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டு, அது பென்சில் பருமனை அடைந்தபின் கோடையில், நண்பர் வீட்டு வெண்செண்பகத்திலிருந்து கொழுந்துக்கிளை வாங்கி மறுபடியும் ஒட்டுக்கட்டலாம். பழைய வேரின் வலுவால் அது புதுக்கன்றை முந்திக்கொண்டு வளரும். வெள்ளையோ பொன்னோ, மணம் இருந்தால் போதும் என்பவர் ஒட்டுக்கட்டும் வேலையையும் விட்டுவிடலாம்.